முழு வரி கேட்ட சண்முகத்தாய்

ஒரு சந்தில் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்று அடித்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன்.

கொரோனா ஓய்ந்து, எங்கள் அம்மன் கோவில் கொடைத் திருவிழா மறுபடியும் நடக்க ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவியில் சண்முகத்தாயின் காலாவில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். காலா என்றால் பட்டறை. இரண்டு தையல் மெஷின், மேலே ஒரு பரண், பரண் நிறையத் தோல் துண்டுகள். பசை வாசனையில் சாயா கூடக் கொஞ்சம் பசையாகத்தான் இருக்கும். ஆனாலும் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கேதான் குடிப்பேன். சண்முகத்தாயும் நானும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். அவள் தோல் பை தைக்கப் போனாள், நான் பாடம் நடத்தப் போனேன். இருவருக்கும் கழுத்து வலி ஒன்றுதான்.

தாராவியில் சுவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பக்கத்து வீட்டு டிங், எதிர் வீட்டு டிங், மாடி வீட்டு டிங் எல்லாம் சேர்ந்து கேட்டன. எங்கள் ஊர்ச் சங்கத்தில் புதிதாக ஒரு ஆப் போட்டிருந்தார்கள். கொடை வரி விவரத்தை அது எல்லோருக்கும் அனுப்பியிருந்தது.

சண்முகத்தாயின் மகள் ரேவதி கல்லூரியில் படிக்கிறவள். தமிழைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். ஆப் இங்கிலீஷில் இருந்ததால் அவளுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. அம்மாவின் பெயரைத் தேடி உரக்க வாசித்தாள்: “சண்முகத்தாய். ஹாஃப். ரீசன், விடோ.”

பிறகு நிமிர்ந்து கேட்டாள். “அம்மா, நீ ஹாஃபா?”

மெஷினில் சண்முகத்தாயின் கால் நின்றுவிட்டது.

வரி என்றால்

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர்கள் ஊரை விட்டாலும் ஊர் வரியை விடுவதில்லை. அம்மன் கொடைக்கு வருடா வருடம் வீட்டுக்கு ஒரு வரி. கல்யாணமான ஆண் ஒருவர் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு, முழு வரி. அவர் இறந்துபோனால் வீடு அரை வரிக்கு இறங்கிவிடும். கொடை முடிந்து பங்கு பிரிக்கும்போது முழு வரி வீட்டுக்கு ஒரு முழுத் தேங்காய், அரை வரி வீட்டுக்கு ஒரு மூடி. சங்கக் கூட்டத்தில் முழு வரிக்காரர் பேசலாம். அரை வரிக்காரி காதால் கேட்கலாம்.

இது கொடுமையாகத் தொடங்கிய வழக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சங்கம் தொடங்கின காலத்தில், தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோக, அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருக்கிறாள். “பாவம், பாதி குடுத்தா போதும்” என்று பெரியவர் யாரோ சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன்தான். அவர் அன்றைக்குச் சொன்னது அந்த ஒரு வீட்டுக்காக. இரக்கத்துக்கும் வயதாகும் போலிருக்கிறது, வயதானதும் அது சட்டம் பேச ஆரம்பித்துவிடுகிறது. பாதி கொடுத்தால் போதும் என்றது, பாதிதான் கொடுக்க வேண்டும் என்றாகி, பாதி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது வரை வந்துவிட்டது.

அதுவும் முன்பெல்லாம் வாய்வழி. அரை வரி என்பது சங்கத்தில் நாலு பேருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு மறந்துபோகும். படித்த பிள்ளைகள் வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இப்போது காரணத்தோடு எல்லோர் கையிலும் வந்து விழுந்தது.

நூற்றுக்கு நூறு

இந்த இடத்தில் என் சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஓய்வு பெறும் வரை குடிமையியல் நடத்தியவள் நான். மாட்டுங்காவில் பொங்கல் தோறும் நடக்கும் பட்டிமன்றத்தில் ‘சமூகத்தை மாற்றுவது கல்வியே’ என்று முழங்குகிற அணியில் என்னைத்தான் முதலில் போடுவார்கள். ஒரு வருடம் எதிரணியில் ஆள் குறைந்தது. “டீச்சர், நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பேசுவேளே” என்று அமைப்பாளர் கெஞ்சினார். கல்வியால் ஒன்றும் மாறாது என்று பேசினேன். அந்த அணிதான் ஜெயித்தது. அன்றிலிருந்து பட்டிமன்றத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். என் மேலும்தான்.

அந்த ஆப்பைச் செய்தவன் பிரபு. சங்கத் தலைவர் பரமசிவம் அண்ணாச்சியின் மகன். டோம்பிவிலியில் வீடு, சாஃப்ட்வேர் வேலை. என் மாணவன்! சமத்துவம் பாடத்தை ஒரு கமா கூடத் தவறாமல் ஒப்பிப்பான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நானே முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ‘மிக நன்று’ என்றும் எழுதியிருக்கிறேன்.

‘மிக நன்று’ வாங்கிய பிள்ளை செய்த ஆப்பில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் ஆண் பெயர் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவர் இறந்துவிட்டார் என்று தட்டினால் வரி தானாகவே பாதியாகிவிடும். சங்கத்துப் பெரியவர்கள் சில சமயம் ஆள் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள். ஆப்புக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

அடுத்த ஞாயிறு அவனைக் காலாவுக்கு வரச் சொன்னேன். வரும்போதே ஆப்பை எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு வந்தான். ரேவதி தன் போனை அவனிடம் நீட்டினாள்.

“பிரபு அண்ணா, நான் என் பேரப் போட்டுப் பாத்தேன். எனக்கும் ஒரு ஆம்பள பேரு கேக்குது. போடலன்னா ஆகே ஜாத்தா ஹி நஹீ. உங்க ஆப்ல நான் எங்க இருக்கேன்?”

போன் முன்னே நகர மாட்டேன் என்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. தெரியாத ஸ்டேஷனில் வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

பிரபுவின் காது சிவந்துவிட்டது. அப்பா சொன்னதை அப்படியே போட்டேன், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை என்று முணுமுணுத்தான். வகுப்பில் அந்தப் பாடத்தை ஒப்பித்தபோது அவன் காது சிவந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பாடம் அவனுக்கு அன்றைக்குத்தான் நடந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடம் நான் வைத்த பரீட்சை எதிலும் அது கிடைத்ததில்லை.

“ஆப்ப மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை டீச்சர்” என்றான். “அப்பாவ மாத்துறதுக்கு எவ்வளவு ஆகும்னுதான் தெரியல.”

அண்ணாச்சி செத்துப் பிழைத்தது

சண்முகத்தாய் கூட்டத்தில் பேசுவதென்று முடிவு செய்தாள். ஆனால் அரை வரிக்காரி பேசக் கூடாது. முழு வரிக்காரர் ஒருவர் எழுந்து சொன்னால்தான் அவள் பேச்சு கூட்டத்துக்கு வரும். எனக்குக் கிடைத்த முழு வரிக்காரர் என் வீட்டுக்காரர். வீட்டில் உப்பு இல்லை என்றால் கூட வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போகிற பிராணி.

சங்க அறையில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் சாயா கிளாஸ்களோடு. என் வீட்டுக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். “சம்முவத்தா மைனி பேசணுமாம். பேசட்டும்” என்று மதினி முறை வைத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மாட்டுங்காவில் பேசின அத்தனை பேச்சையும் அந்த ஒரு வரிக்குக் கொடுத்துவிடலாம்.

சண்முகத்தாய் முழு வரி கேட்டாள். பரமசிவம் அண்ணாச்சிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம்.

“வரியக் கொறைங்கன்னு சண்ட போட்டவன எல்லாம் பாத்திருக்கேன் மைனி. கூட்டுங்கன்னு வந்து நிக்கது நீங்க ஒருத்திதான்” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வது.

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. எதிர்ப்பு சொல்ல இசக்கிமுத்து அண்ணாச்சி எழுந்தார். அவரும் பைப் பட்டறை வைத்திருப்பவர், தாத்தா காலத்திலிருந்து முழு வரி வீடு என்பதில் மீசை முறுக்குகிறவர். முழு வரி என்றால் முறை செய்ய வேண்டும், வீடு வீடாகப் போய் வரி கேட்டு நிற்க வேண்டும், அதெல்லாம் பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்றார். என் பக்கத்தில் இருந்த சில பெண்களே தலையாட்டினார்கள்.

“மெஷினுக்கு வேல கேட்டு தெனமும் கட கடயா ஏறி எறங்கி நிக்கேன் அண்ணாச்சி” என்றாள் சண்முகத்தாய். “கோவிலுக்காக நிக்கதா கஷ்டம்?”

பிறகு குரல் தணிந்தது. “இத்தன வருசமா ஒரு மூடிதான் வாங்கிட்டுப் போறேன். சட்னிக்கு அது போதும், நான் ஒண்ணும் சொல்லல. எம் மவ வாசிச்சுட்டு, அம்மா நீ ஹாஃபான்னு கேட்டா. எங்கிட்ட பதில் இல்ல. நீங்க ஒரு பதில் சொல்லுங்க. நான் போயி அவகிட்ட சொல்லுதேன்.”

பரமசிவம் அண்ணாச்சி, பெரியவர்கள் வைத்த வழக்கம், கம்ப்யூட்டரில் வேறு ஏற்றியாகிவிட்டது என்று இழுத்தார்.

அப்போது பிரபு எழுந்தான். கிரிக்கெட் பார்ப்பதற்காகச் சங்கத்தில் வாங்கிப் போட்டிருந்த பெரிய டிவியில் தன் போனை இணைத்தான். ஆப் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு டெமோ காட்டுவதாகச் சொன்னான். அண்ணாச்சிக்குப் பெருமை. எல்லோரும் பார்க்கும்படி நகர்ந்து உட்கார்ந்தார்.

டிவியில் அண்ணாச்சியின் பெயர் வந்தது. முழு வரி. பிரபு ஒரு தட்டுத் தட்டினான். அண்ணாச்சியின் பெயர் காணாமல் போனது. அந்த இடத்தில் அவர் மனைவி செல்லம்மாள் பெயர், பக்கத்தில் ‘ஹாஃப்’, அதற்குப் பக்கத்தில் காரணம். அது அந்தப் பெரிய டிவி முழுக்க மினுங்கியது.

உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்தவர் கணக்கில் சேர்த்தால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அறையே எழுந்து நின்றது. “அபசகுனம்” என்றார் ஒருவர். பின்னால் கிளாஸ் ஒன்று உருண்டது. அண்ணாச்சி தன் நெஞ்சைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“ஏல, அவுகளத் திருப்பி உசுரோட போடுல மொதல்ல” என்று செல்லம்மாள் மைனி சாயாத் தட்டோடு முன்னால் வந்துவிட்டாள். பிரபு அவசரமாகத் தட்டினான். அண்ணாச்சி பிழைத்தார். முழு வரி திரும்பி வந்தது. ஜனங்கள் மூச்சு விட்டார்கள்.

செல்லம்மாள் மைனி மட்டும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கொடைக்கு அத்தன வருசமும் சமையக் கட்டுல நிக்கது நானு” என்றாள், கணவரைப் பார்த்து. “ஒங்களுக்கு ஒண்ணுன்னா மறுநாளே நான் பாதியா?”

அண்ணாச்சி சங்கத்துக்கு நாட்டாமை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவரும்கூட. “சரி, சம்முவத்தா மைனி பேரு முழுசாவே இருக்கட்டும்” என்றார். “எல, என்னைய மட்டும் இனி தொடாத.”

இந்தத் தடவை சண்முகத்தாயும் சிரித்தாள்.

குலவை

அந்த வருடக் கொடையை நான் மறக்க மாட்டேன். பங்கு பிரிக்கும்போது சண்முகத்தாயின் பெயரை முதல் தடவையாகப் பெயராகவே கூப்பிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் ‘காலஞ்சென்ற இன்னார் வீடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முன்னால் போனதும் பின்னாலிருந்து செல்லம்மாள் மைனி குலவை போட ஆரம்பித்தாள். சாமிக்குப் போடுகிற குலவையை ஆளுக்குப் போடலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டோம். மஞ்சள் தண்ணியும் சாம்பிராணிப் புகையும் வெயிலுமாக, எனக்குக் கண்ணில் நீர் வந்தது. புகைதான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, வழக்கம்போல ஒன்றும் சொல்லவும் இல்லை.

ரேவதிக்குக் குலவை போடத் தெரியாது. நாக்கைச் சுழற்றிப் பார்த்து, ஒரு விசில் அடித்தாள்.

‘அப்படியானால் கல்வி மாற்றும் என்கிறீர்களா, மாற்றாது என்கிறீர்களா?’ என்று வாசகர்களில் ஒருவராவது கேட்பார். போன வாரம் செம்பூர் மார்க்கெட்டைப் பற்றி எழுதினதற்கே கேள்வி வந்தது. நான் கண்டது இதுதான். படிப்பு பிரபுவுக்கு ஆப் செய்யக் கற்றுக்கொடுத்தது, அதில் என்ன செய்வதென்று கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ரேவதி கேட்டதும் காது சிவக்கிற அளவுக்கு அவனுக்குள் ஏதோ ஒன்றை மிச்சம் வைத்திருந்தது. அந்த மிச்சம் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. யார் மறுக்கப் போகிறார்கள்?

பேச்சியம்மாள் வாசலில்

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். மறு வருடம் வரி கேட்டுப் போகும் முறை சண்முகத்தாய்க்கு வந்தது. துணைக்கு நான் போனேன். வேடிக்கை பார்க்க என்றும் சொல்லலாம்.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்றோம். அவளும் கணவரை இழந்தவள், இரண்டு வீட்டில் சமையல் வேலை. இப்போது நீயும் முழு வரி எழுதிக்கொள்ளலாம் என்று சண்முகத்தாய் தேர் இழுத்தவள் மாதிரிப் பெருமையோடு சொன்னாள்.

பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “முழுசு எனக்கு ஏலாதுக்கா. அரைதான் முடியும்” என்றாள். பிறகு, “ஆனா கூட்டத்துல ஒன்ன மாதிரி நானும் பேசணும்” என்றாள்.

திரும்பி வரும் வழியில் சாயாக் கடை வந்ததும் சண்முகத்தாய் நின்றாள். “நான் முழு வரிய வெலயாக் குடுத்துத்தானே பேச எடம் வாங்கினேன் டீச்சர்?” என்றாள். “அது சரியில்லயே. துட்டு இல்லாதவ எப்பிடி வாங்குவா?” கோபமாகச் சொன்னதில் அந்தத் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடத்தின பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்தாள். இப்போது யாரும் அவளுக்காக எழ வேண்டியதில்லை. அரை வரி இருக்கட்டும், ஆனால் அது கைம்பெண்ணுக்கு என்று இருக்கக் கூடாது. ஆணோ பெண்ணோ, அந்த வருடம் யாருக்கு முடியவில்லையோ அவருக்கு. பேச்சும் பங்கும் எல்லோருக்கும் முழுசு. இதைத்தான் கேட்டாள். முதன்முதலில் அந்தப் பெரியவர் சொன்னதும் இதுதானே என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தாள். பரமசிவம் அண்ணாச்சிக்கு அது பிடித்திருந்தது. வழக்கத்தை மீறாமல் மாற்றியதாக ஆகிவிடும் அல்லவா. சரி என்றார்.

சரி என்று சொல்வது எளிது. எங்கள் ஆண்களில் யார் எழுந்து நின்று தன்னை அரை என்று எழுதச் சொல்வான்? கடன் வாங்கியாவது முழு வரி கட்டி, பெண்டாட்டி நகையை அடகு வைப்பானே தவிரச் சொல்ல மாட்டான். அப்படி ஒருவரும் சொல்லாவிட்டால் அரை வரி மறுபடியும் பேச்சியம்மாள் மாதிரிப் பெண்களுக்கென்றே ஆகிவிடும். சண்முகத்தாய் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

முன் வரிசையில் இசக்கிமுத்து அண்ணாச்சி எழுந்தார். அவர் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் மெஷின்கள் மூடிக் கிடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரிதான் இருந்தோம். மீசையைத் தொடப் போன கையைக் கீழே விட்டுக்கொண்டார்.

“இந்த வருசம் என்னால அரைதான் முடியும்” என்றார். “எளுதிக்கிடுங்க.”

பிரபு போனைத் தட்டினான். பிறகு தயங்கி, “சித்தப்பா, காரணம்னு ஒரு இடம் கேக்குது. என்ன போட?” என்றான்.

“காரணம் எதுக்குல?” என்றாள் சண்முகத்தாய். “முடியலன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவல்லா. அந்த எடத்தயே எடுத்துரு.”

அதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. இசக்கிமுத்து அண்ணாச்சி எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. பின்னால் இருந்த பேச்சியம்மாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“இங்கன வாங்க அண்ணாச்சி” என்றாள், கூட்டத்தில் அவள் பேசின முதல் பேச்சாக. “அரை வரிக்காரங்க எல்லாம் இந்தப் பக்கந்தான்.”

முதலில் சிரித்தவர் இசக்கிமுத்து அண்ணாச்சிதான்.